கரும்பலகை, ஐப்பசி

வரி வசூல் என் வேலை.
பலகையில் எழுதுவது
கையெழுத்துக்குக் கிடைத்த தண்டனை.

புரட்டாசி கடைசி வெள்ளியன்று
செயல் அலுவலர் சொல்லச் சொல்ல எழுதினேன்:
'பருவமழை முன்னேற்பாடாக
பரங்கிப்பேட்டை வார்டுகள் அனைத்திலும்
வடிகால் தூர்வாரப்படுகிறது.
பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்குக.'

நல்குக.
வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத சொல்.
சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும்.

அதற்குக் கீழே ஏற்கெனவே இருந்தது
நிலுவைதாரர் பட்டியல்,
அதுவும் என் கையெழுத்தில்.
நாலாவது பெயர்
ஜுலைகா உம்மாள், உப்புக்கிடங்குத் தெரு, கதவு எண் 41.
இரண்டு முறை போய்க் கேட்டேன்.
"கட்டியாச்சும்மா. சீட்டுதான் காணல."
எல்லாரும் சொல்வதுதான்.
கணினி அப்படிச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை உப்புக்கிடங்குத் தெருவில் பலகைக்கல் பெயர்த்தார்கள்.
வந்த கையுறை பன்னிரண்டும்
இடக்கைக்கு.
கோதண்டம் ஒன்றைத் திருப்பி மாட்டிக்கொண்டார்,
கட்டைவிரல் பின்னால் துருத்தி நிற்க.
சகாயமேரி மாட்டவே இல்லை.

என்ன வரவில்லை அதிலிருந்து?
குக்கர் வெயிட்டு.
ரப்பர் பந்து ஏழு.
பள்ளிக்கூட டை ஒன்று, முடிச்சு அவிழாமல்.
மீன் வலையில் ஒரு முழம்.
யாரோ வேண்டாமென்று போட்ட கொலுசு,
அதற்கு மட்டும் மூன்று வீட்டிலிருந்து சொந்தக்காரர்கள்.

பிறகு
பால்கவரில் நாலாக மடித்து
ரப்பர் பேண்டு சுற்றிய ஒரு காகிதம்.
சகாயமேரி பாவாடையில் துடைத்து நீட்டினாள்.
"ஒங்க எழுத்து மாதிரி இருக்கே."

என் எழுத்துதான்.
ஆறு வருடத்துக்கு முந்தையது.
கதவு எண் 41. தொகை. தேதி.
'பெற்றுக்கொண்டேன்' என்பதில்
கொம்பு சுழிக்கும் என் பழக்கம்.
கணினியில் ஏற்றிய மாதம்
ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு திரும்பாமல் போயிருக்கலாம்.
ஏற்றியது யார் என்று
யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

அலுவலகம் வந்து
ஈரத்துணியால் நாலாவது பெயரை அழித்தேன்.
மூன்றுக்குப் பிறகு ஐந்து என்று நின்றது பட்டியல்.

அள்ளிய சேற்றை
வடிகால் ஓரமே குவித்திருந்தார்கள்.
காய்ந்தால்தான் டிராக்டர் ஏற்றும்.
டிராக்டர் புவனகிரிக்குப் போயிருந்தது.
அறிவிப்பு: 'கழிவுமண் இரண்டு நாளில் அகற்றப்படும்.'

மூன்றாம் நாள்
கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு.
மீனவர் கடலுக்குச் செல்ல வேண்டாம்.
மேல்நிலைத் தொட்டி கழுவுவதால் வியாழன் தண்ணீர் வராது.
தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும்.
(எந்தத் தண்ணீரை என்று
பூக்கடை தெய்வசிகாமணி கேட்டுவிட்டுப் போனார்.)
போன் ஓயவில்லை.
நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று
ஒரு பையன் அப்பா குரலில் கேட்டான்.
"கலெக்டரைக் கேளுங்க சார்" என்றேன்.
"சரிங்க மிஸ்" என்றான்.

இரவு பெய்தது.
வெள்ளாற்றுப் பக்கமிருந்து காற்று
மழையைச் சாய்த்துத் தாழ்வாரத்துக்குள் வீச,
காலையில் பலகை நனைந்து கிடந்தது.
கூண்டும் தொட்டியும் கரைந்துபோய்
அடியில்
ஜுலைகா உம்மாள்
மங்கலாக, ஆனால் படிக்கும்படி.
சுண்ணாம்பு எங்கேயோ உள்ளே இறங்கி
உட்கார்ந்துவிட்டிருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே
படியேறி வந்தார் அவர்,
புடவையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்து,
குடையை மடக்காமல்.
ரசீதை இரண்டு கையாலும் நீட்டினேன்.
மன்னிப்பை எந்த வார்த்தையில் தொடங்குவதென்று
ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

வாங்கினார்.
படிக்கவில்லை. ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார்.
"இது இருக்கட்டும்.
அள்ளுன சேறு பூரா
ராத்திரியே திரும்பக் கானுக்குள்ள போயிருச்சு.
பாதி எங்க நடையில.
எப்ப வருவாங்க?"

சாக்பீஸ் நமுத்திருந்தது.
'இரண்டு நாளில்' என்று எழுதி,
அவர் பார்த்துக்கொண்டிருந்ததால்
இரண்டைத் தேய்த்துவிட்டு
வேறு எண் ஒன்றைத்
தேடிக்கொண்டிருந்தேன்.